விரதக்காரர்களும் வெள்ளை கம்மும்

இன்று நாற்காலிக் காலை ஒட்ட கம் வாங்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கிழிந்த உதட்டோடு திரும்பினேன்.

கடையில் மஞ்சள் வேட்டி, ருத்ராட்சம், இடுப்பில் பேஜரோடு இரண்டு பேர். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் மச்சான்கள். நேற்றைய மழையில் அவர்கள் காவடியின் வளைவு கழன்று விழுந்துவிட்டதாம்.

"மரத்துக்கு மரம் ஒட்ட வெள்ளை கம்தான் மச்சான். நீதான் காயவிடல," என்றார் ஒருவர்.

"மழையில கரையுற கம்மை வச்சு காவடி கட்டுவியா? தண்ணியில கரையாத கட்டட கம் வாங்குன்னு சொன்னேன்ல!" என்ற மற்றவர், கையிலிருந்த கட்டட கம் குழாயாலேயே முதலாமவர் மூக்கை உடைத்தார்.

அடிபட்டவர் சுத்தியலை எடுத்தார். பெயிண்ட் டின்கள் உருண்டன. விலக்கப் போன என் உதட்டில் ஒரு முழங்கை இறங்கியது.

கடைக்கார அங்கிள் சுத்தியலைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தார்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு அடிபட்டவர் சொன்னார்: "விரதத்துல இருக்கேன் லா. இல்லன்னா உன்னைக் கொன்னுருப்பேன்."

"நானும்தான்," என்றார் மற்ற மச்சான்.

இரண்டு கம்மையும் வாங்கிக்கொண்டு ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். நான் ஆணி வாங்கி வந்தேன்.

தைப்பூசம் முடிந்து இவர்கள் விரதம் விடும் நாளில் நான் வீட்டை விட்டு வெளியே வருவதாக இல்லை. நீங்கள் எப்படி, மின்னஞ்சல் குழு நண்பர்களே?