பதில் வரும்வரை வாசலில்

அக்கா மடித்த படுக்கை விரிப்பில் ஒரு நூல்கூடப் பிசகாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஓட்டல் சலவைக்கூடத்தில் சேர்ந்து, தம்பியை ஆளாக்கியவள். அதே ஓட்டலில் ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க அவன் தற்காலிகமாக வந்ததிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "வாத்தியார் யாரு? என் தம்பியாக்கும்!" என்று இயந்திரச் சத்தத்தையும் மீறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் முதலில் எடுத்தது அனுமதி கேட்கும் பாடம்.

"கூட வேலை பார்க்கிறவங்கன்னா 'கேன் ஐ' போதும். ரூம்ல தங்குறவங்க, அதிகாரிங்கன்னா 'மே ஐ'. ஏதாவது செஞ்சு தரச் சொல்லணும்னா 'குட் யூ ப்ளீஸ்'. கேட்டுட்டு தபதபன்னு நுழையக் கூடாது. பதில் வரட்டும்."

"நம்ம சூபர்வைசரையும் வகுப்புல உக்கார வைங்க வாத்தியாரே!" என்றாள் வாயாடி என்று பெயரெடுத்த இஸ்திரிக்காரி.

மேலாளர் பரீட்சை வைத்தார். ஒவ்வொருவரும் அவர் அறைக்குள் அனுமதி கேட்டு நுழைந்து, ஒரு வேண்டுகோளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தம்பிக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வகுப்பு அன்றோடு சரி. தம்பி அறையின் மூலையில் நிற்கலாம்; வாய் திறக்கக் கூடாது.

வரிசையில் அக்காதான் முதல். கதவைத் தட்டி, பாதி திறந்து, பிசிறில்லாமல் கேட்டாள்: "மே ஐ கம் இன், சார்?"

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள போயேன்க்கா," என்று பின்னாலிருந்து இடித்தாள் வாயாடி.

"பதில் வரலையேடி."

மறுபடியும் கேட்டாள். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். வா என்கிறாரா, இரு என்கிறாரா? தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். எதற்கென்று அவளுக்குப் பிடிபடவில்லை. நின்றாள். அவள் பின்னால் வரிசையே நின்றது.

மேலாளர் ஒருவழியாகப் பேசி முடித்து, நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு. ஒருத்தர்கூட உள்ள வரலையேப்பா. என்னத்தச் சொல்லிக்குடுத்த?"

"சார், அவங்க கேட்டாங்க. நீங்க போன்ல..."

"வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமா? விடு, இது சரிப்படாது."

அக்காவுக்குத் தொண்டை வரை வந்தது 'குட் யூ ப்ளீஸ்'. அதற்குமேல், 'இன்னொரு தரம் பாருங்க' என்பதற்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மேலாளர் வெளியே வந்தார். கால் தானாக விலகி அவருக்கு வழிவிட்டது.

அறையில் தம்பி மட்டும் நின்றான்.

"உள்ள வாக்கா," என்றான்.

அப்போதுதான் அவள் நுழைந்தாள்.