தொம்மலூருக்குச் சீர் எடுக்கப் போன கதை

தாய்மாமன் சீர் என்றால் மாமன்தான் தாம்பாளத்தோடு வந்து இறங்க வேண்டும். அதுதான் முறை. எங்கள் வீட்டில் மட்டும் பெண்ணைப் பெற்றவள் பெங்களூருக்குப் போய் அதை எடுத்துவர வேண்டியிருந்தது. கோவளத்தில் முதல் பேருந்தைப் பிடித்து, நாற்பது கிலோமீட்டர் தாண்டி சென்னை சென்ட்ரலில் இறங்கி, ஏழே முக்கால் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஒண்டிக்கொண்டேன். என் பையில் இரண்டு பழைய புடவைகளும் பெரிய கயிற்றுச் சுருள் ஒன்றும் இருந்தன. வரும்போது ஆறடிப் பலகை ஒன்றைச் சுற்றிக் கட்டுவதற்கு.

காட்பாடி தாண்டியதும் எதிரில் இருந்த அம்மாள் கயிற்றைப் பார்த்துவிட்டார். பெங்களூர் அல்சூர்க்காரர், சென்னையில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்.

"கயிறு எதுக்கும்மா? மாடு கீடு வாங்கப் போறியா?"

சொன்னேன். என் மகள் ஷைனி கடலில் அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிறவள். சொந்தப் பலகை கிடையாது. கரையிலுள்ள பயிற்சிக்கூடத்தில் வெளியூர்க்காரர்கள் வராத நாளில் ஒன்று கிடைக்கும். சனி, ஞாயிறு எவ்வளவு நல்ல அலை வந்தாலும் மணலில் உட்கார்ந்து, அடுத்தவர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவளானபோது, மேடையும் வேண்டாம் பட்டுப்பாவாடையும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று, "மாமா, சீரா ஒரு போர்டு குடு, போதும்" என்று என் தம்பி அருளிடம் கேட்டாள். புதுசு வாங்க வக்கில்லை, நானே செய்து தருகிறேன் என்று சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் செய்தான் அவன்.

"பெங்களூர்ல எங்கம்மா கடல் இருக்கு?" என்று அம்மாள் சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அருள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் தொம்மலூரில் கல்யாண மேடை அலங்காரப் பட்டறையில் தெர்மாகோல் வேலை செய்கிறான். குளிர்சாதனப் பெட்டிகளோடு வந்து குப்பைக்குப் போகிற தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, உடைந்த கட்டிலின் சட்டத்தை நடுவில் முதுகெலும்பாக வைத்திருந்தான். அடுத்த படத்தில் பாதிப் பலகையைக் காணோம். தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற ரெசினைப் பூசியிருக்கிறான். அது தெர்மாகோலை வெல்லம்போலக் கரைத்துத் தின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஏதோ அலுவலகத்தில் தரை போட்டவர்கள் விட்டுப்போன எபாக்சிப் பசை டப்பாக்களை வழித்தெடுத்து, கண்ணாடியிழைத் துண்டுகளை வைத்துப் பூசினான். அடியில் மீனுக்குத் துடுப்பு மாதிரி மூன்று துண்டுகள் வேண்டும். மூடிப்போன கம்பெனி ஒன்றின் பெயர்ப்பலகையை அறுத்து அதையும் செய்துவிட்டான்.

"குடுத்து வெச்சவம்மா உன் பொண்ணு. இப்படி மாமன் யாருக்குக் கெடைக்கும்?" என்றார் அம்மாள்.

நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் ஒரு மணி வாக்கில் கன்டோன்மென்ட். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. ஆட்டோக்காரர் தொம்மலூருக்கு இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு இறங்கினார். "டிராஃபிக் பாத்தீங்களாக்கா? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்ப என்றால் கொஞ்சமாம். ஆறு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சந்து, அதற்குள் கோயில், மாவு மில், கோழிக்கடை. அதுதான் பழைய தொம்மலூர். கடைசியில் அருளின் பட்டறை. மேலே அவன் அறை.

பட்டறையில் பாதி யானை, தலையில்லாத மயில், மாப்பிள்ளை பெண் பெயரில் நாலைந்து எழுத்துகள். பலகை இல்லை.

"வெளிய இருக்குக்கா. நீ மொதல்ல சாப்புடு" என்றான் அருள். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். அறையின் அலமாரியில் பட்டுக்கடைப் பெட்டி ஒன்று இருந்தது. பலகையோடு பாவாடையும் எடுத்திருக்கிறான் போல, பிள்ளைக்கு மனசு பெரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இந்திரா நகர் பக்கம் நடத்திக் கூட்டிப்போனான். நின்ற இடம் ஒரு மதுக்கூடம். "என்னடா, உனக்குக் கிறுக்கா?" என்றேன். "உள்ள வாக்கா, பாக்கலாம்" என்றான்.

உள்ளே கடலாம். கூரையில் மீன்வலை கட்டியிருந்தார்கள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு செதில் ஒட்டவில்லை. தூணுக்குத் தூண் துடுப்பு. ஜாடியில் மணல். எலுமிச்சைச் சாறு இருநூற்று இருபது ரூபாய். எங்கள் ஊரில் அதற்கு ஒரு கிலோ மத்தி வாங்கி வீட்டுக்கே குழம்பு வைக்கலாம். நடுச்சுவரில், விளக்கு வெளிச்சத்தில், என் மகளின் சீர் தொங்கிக்கொண்டிருந்தது.

பரிமாறுகிற தமிழ்ப் பையன் ஓடிவந்தான். "அக்கா, ஃபோட்டோவா? இப்படி நில்லுங்க. எல்லாரும் இதுகிட்டதான் எடுப்பாங்க, சூப்பரா வரும்."

"நான் பண்ணதுதான் பாஸு" என்றான் அருள். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று பலகையைத் துளைத்துச் சுவரில் போல்ட்டு முடுக்கியிருந்தது. போல்ட்டுக்கு அடியில் வட்டமாக வெட்டிய செருப்பு ரப்பர். எங்கள் வீட்டுக் குழாய், படகு எஞ்சின், சைக்கிள் மணி எல்லாவற்றுக்கும் சின்ன வயதிலிருந்து அருள் அதைத்தான் வெட்டிப்போடுவான்.

"ஓட்டை போட்டது நீயாடா?"

"அவங்க போட்டா விரிசல் விட்டுரும்க்கா. அதான் நானே…"

"படகுல விழற ஓட்டைய அடைச்சுட்டுத்தான கடலுக்குப் போறோம்? கழட்டு. ஊர்ல நான் அடைச்சுக்கறேன்."

அவன் பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இந்த எடத்துக்கு அலங்காரம் பண்றப்ப, பத்து நாளைக்கு வெக்கலாம்னுதான் எங்க பட்டறை மொதலாளி கேட்டாரு. அப்புறம் எடுத்துக்கடான்னு அவரே சொன்னாரு. நான்தான் எடுக்கல. நான் செய்ற யானை, மயிலு எல்லாத்தையும் மறுநாள் காலைல ஒடச்சு லாரில ஏத்திடறாங்கக்கா. என் கையால செஞ்சு நிக்கிறது இது ஒண்ணுதான். கடல்ல போட்டா யாரு பாப்பா?"

"அதுமேல நிக்கிறவ பாப்பாடா."

அவன் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது, அதனால்தான் இன்னும் எரிந்தது. மேலாளரைக் கூப்பிட்டுக் கத்தலாம். கத்தி என்ன செய்ய? பிடுங்கிக்கொண்டவன் யாரோ என்றால் சண்டை போடலாம். வாக்குக் கொடுத்தவனே அல்லவா கொடுக்க மாட்டேன் என்கிறான்.

"நான் ரயிலேறும் முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"போன்ல வாய் வரலக்கா."

அன்று இரவு அவன் அறையில் படுத்தேன்.

காலையில் சாந்தி நகரிலிருந்து எட்டு மணிக்குப் பேருந்து. வழியனுப்ப வந்தவன் அந்தப் பட்டுக்கடைப் பெட்டியை நீட்டினான். நான் வரும் முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்தவன், பலகையைத் தருவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான். "நல்ல பட்டுக்கா. இத ஷைனிக்குக் குடுத்துரு."

"நீயே போன் பண்ணிச் சொல்லிடு. உன் மருமகளுக்கு உன் வாயால தெரியட்டும்."

"நீ பஸ் ஏறினதும் சொல்றேன்" என்றான்.

"லக்கேஜ் இருக்காம்மா? டிக்கி தெறக்கணுமா?" என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்றேன். ஊர் எல்லையான அத்திபெலே வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஜன்னலோரம் குளிராக இருந்ததால் பலகைக்கென்று கொண்டுபோன புடவையை நான் போர்த்திக்கொண்டேன். பெங்களூர் எப்படி என்று கேட்டால், குளுகுளுவென்று இருக்கிறது, காபி நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, பலகை இல்லை. அங்கே கடல் இல்லை, சுவரில் பலகை இருக்கிறது. இதற்குமேல் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

பட்டணத்தில் பேருந்து மாறி, கோவளத்தில் இறங்கும்போது ஆறு மணி இருக்கும். நிறுத்தத்தில் ஷைனி நின்றிருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரரின் மீன் வண்டி. பலகை நாறக் கூடாது என்று தேய்த்துக் கழுவி, மேலே தன் மெத்தையை விரித்து வைத்திருந்தாள்.

"நீ எறங்கும்மா, நான் பின்பக்கமா புடிச்சுக்கறேன்" என்று கத்திக்கொண்டே பின்படிக்கட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். பேருந்து கிளம்பிப் போயிற்று.

"மாமா போன் பண்ணலியா?" என்றேன்.

"பண்ணலியே. ஏன்?"

எனக்கும் வாய் வரவில்லை. பெட்டியை வண்டியில் வைத்தேன். பட்டுக்கடைப் பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. திறந்துகூடப் பார்க்கவில்லை. மெத்தையை மட்டும் உருவி, மணல் படாமல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வண்டியை நான் தள்ளிக்கொண்டு போனேன்.