வாசல் கொட்டகையில் பொங்கிய பால்

கூடார மைதானத்தின் வாசல் மேசையில் உட்காருகிறவனுக்கு இரண்டு பொருள் வேண்டும்: ஒரு விதிப்புத்தகம், ஒரு அழிரப்பர் வைத்த பென்சில். எங்கள் மைதானம் இராணுவத்துடையது என்பதால் புத்தகம் கொஞ்சம் கனம். எந்த வாசலிலாவது உட்கார்ந்து ஆட்களை உள்ளே விட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. முதல்முறை வரப்போகிறவர்கள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்

மாண்ட்ரியலிலிருந்து காரில் ஒரு மணி நேரம். இராணுவத்தில் இருப்பவர்களும், அவர்கள் பெயரில் வரும் விருந்தினர்களும் மட்டுமே தங்கலாம். விருந்தினர் விதியை மீறினால், எச்சரிக்கை அந்த இராணுவக்காரர் பெயரில் விழும். இரண்டு விழுந்தால் அவரும் அவருடைய கணவரோ மனைவியோ வரலாம், தங்கலாம். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்ற யாரும் அந்தக் கோடை முடியும்வரை தடுப்புக் கம்பத்தைத் தாண்ட முடியாது. என் மரக் கொட்டகை கம்பத்துக்கு வெளியே இருக்கிறது. இது பின்னால் தேவைப்படும்.

கோர்ப்பரல் தனுஜா யாழ்ப்பாணத்துக் குடும்பம், மாண்ட்ரியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளர்ந்தவர். செப்டம்பரில் ஆறு மாத வெளிநாட்டுப் பணிக்குப் போகிறார். அதற்கு முன் ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கு, ஏரிக்கரையில் கூடாரம் போடும் ஒரு தளத்தை ஜூனிலேயே பதிவு செய்ய வந்தார்.

"நானும் என்ர மனுசனும் மட்டும், அண்ணை. ஏழு நாள் ஒருத்தரோடையும் கதைக்காமல் இருக்கவேணும்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு முதல் எங்கட பெரியப்பா ஆக்கள் வருவினம். என்ர பேரைத்தான் சொல்லுவினம்."

சீருடை வேண்டாம்

பெரியப்பா அதற்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இராணுவ இடம் என்பதால் பொருத்தமாக இருக்கட்டும் என்று, வீட்டில் ஆறு பேருக்கும் சிப்பாய் உடைபோலப் பச்சைப் புள்ளி போட்ட காற்சட்டை, மேற்சட்டை வாங்கியிருந்தார். பெரியம்மா மட்டும் புடவை. ஆனால் அதே பச்சைப் புள்ளியில் தொப்பி.

ஜூன் கடைசியில் அவர்கள் வந்து கூடாரம் கட்டும்போது பக்கத்தில் பூப்போட்ட அரைக்கால் சட்டைக்காரர் ஒருவர் குப்பைப் பையோடு போனார். பெரியப்பா அவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, கயிற்றைக் கையில் கொடுத்தார். அந்த மனிதர் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் எங்கள் கர்னல். அவருக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் மேலதிகாரி ஜினெத் அம்மையார் அந்த உடைகளைப் பார்த்துவிட்டார். இராணுவத்தில் இல்லாதவர் இராணுவ உடையில் உலவக் கூடாது என்பது விதி. முதல் எச்சரிக்கை விழுந்தது. நான் போய்ச் செய்தியைச் சொன்னபோது பெரியப்பா கவனிக்கவே இல்லை. கர்னல் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெடியன் நல்லாக் கயிறு பிடிக்கிறான், தம்பி. வேலையிலை மேல வருவான்."

கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது

எனக்குக் கவலை பிடித்தது. இன்னும் ஒரு எச்சரிக்கை விழுந்தால் அந்தப் பெண் சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பார்? அது விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஜூலையில் அவர்கள் மூன்று அறை உள்ள புதுக் கூடாரத்தோடு வந்தார்கள். மூன்று அறை இருந்தால் அது வீடு, வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும் என்றார் பெரியம்மா. கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் கூடாது என்று புத்தகத்தைக் காட்டினேன். வெளியே காய்ச்சினால் அது பால் காய்ச்சினதாகாது, மேலே கூரை வேண்டும் என்று அவர் என்னைக் காட்டினார். சரியாகச் சொன்னால், எனக்குப் பின்னால் காப்பிக்காக வைத்திருந்த மின்னடுப்பைக் காட்டினார். நல்ல நேரம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

எச்சரிக்கையை விட இது மேல் என்று சம்மதித்தேன். பால் பொங்கி, மேசையில் ஓடி, பதிவேட்டில் இரண்டு பக்கத்தை நனைத்தது. எனக்கும் ஒரு காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். பெரியம்மா கொட்டகையைச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாப் பொங்கினது, தம்பி. ஆனா கூடாரம் இனிச் சும்மா துணி. இதுதான் எங்கட வீடு."

ஒரு தளத்துக்கு ஆறு பேர்

அதற்குப் பிறகு அவர்கள் என் கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். பிறகொரு சனிக்கிழமை இருபத்துமூன்று பேர் வந்தார்கள், ஒரே தளத்துக்கு. ஒரு மணிக்கு ஜினெத் அம்மையார் தலை எண்ண வருவார். பன்னிரண்டே முக்காலுக்கு நான் பெரியப்பாவிடம் ஓடிப்போய், "சார், ஏரியில எத்தனை பேர் வேணும்னாலும் குளிக்கலாம். அதுக்குக் கணக்கு இல்லை" என்று மட்டும் சொன்னேன். புரிந்துகொண்டார்.

ஒரு மணிக்குத் தளத்தில் ஆறு பேர் நேராக உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பதினேழு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையில் தட்டோடு புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சட்டியோடு நீரில் நடந்து நடந்து பரிமாறினார். ஜினெத் அம்மையார் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தண்ணீரில் நின்று மதியச் சாப்பாடு சாப்பிடக் கூடாது என்று யாருமே எழுதவில்லை. அடுத்த வருடம் நான் எழுதுகிறேன்."

பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்

ஆகஸ்டில் தனுஜா கணவரோடு வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே, வழியனுப்ப முப்பத்தொரு பேர் வருவதாகப் பெரியப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஒரு வாரமும் கூடவே தங்குவார்களாம்.

"என்ர பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ, அண்ணை" என்றார் தனுஜா. பாலில் நனைந்து ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்துக் காட்டினேன். ஒரே ஒரு எச்சரிக்கை. எவ்வளவு பாடுபட்டு இரண்டாவதைத் தடுத்தேன் என்று மின்னடுப்பு முதல் ஏரிவரை பெருமையாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்ர வாயாலை அவையை வரவேண்டாம் எண்டு சொல்லேலுமே? விதி எண்டு நீங்கள் சொன்னால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். ஜூனிலையிருந்து அந்த ரெண்டாவதைத்தானே எதிர்பாத்துக்கொண்டிருந்தனான், அண்ணை!"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். "விருந்தினர் அலுவலகத்தில் பால் காய்ச்சிப் பதிவேட்டை நனைத்தனர்" என்று எழுதினேன். சாட்சி அந்தப் பக்கத்திலேயே இருந்தது. ஜினெத் அம்மையார் மோந்து பார்த்துக் கையெழுத்திட்டார். தனுஜாவின் கார் உள்ளே போய்க் கம்பம் இறங்கியது.

அரை மணியில் ஒன்பது கார்கள் வந்தன. பெரியப்பாவிடம் நிதானமாக, விதி எண்ணோடு சொன்னேன். அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு கம்பத்துக்கு வெளியே இருந்த என் கொட்டகையைப் பார்த்தார். பெரியம்மா ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பத்துக்கு உள்ளுக்குத்தானே வரக்கூடாது? பரவாயில்லை, தம்பி. நாங்கள் எங்கட வீட்டிலை நிக்கிறம்."

ஏழு நாளும் ஏரிக்கரையில் இரண்டு பேர் ஒருவரோடும் பேசாமல் இருந்தார்கள், கொட்டகையில் முப்பத்தொரு பேர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார்கள், விதிப்புத்தகத்தின்படி எல்லாம் சரியாகவே நடந்தது.