ஆணியை இழுக்காத காந்தம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எண்பதுகளில் கோச்சடையில் மைக் செட் என்றால் என் செட்தான். நான் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஆனையூரில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பழுதான ஸ்பீக்கர்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன். காந்தத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

என் மகன் அப்போது வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் காந்தம் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தான். கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தவன், சீரியம், செம்பு, சிலிக்கான் மூன்றையும் உருக்கிச் செய்த உலோகத்தில் மிஞ்சிய துண்டு ஒன்றைக் காட்டினான். மிளகு அளவுதான் இருக்கும். கடுங்குளிரில் வைத்தால் அதில் கரண்டு துளிகூட வீணாகாமல் ஓடுமாம், உள்ளே காந்தமும் இருக்கிறதாம். நான் மட்டும் பார்த்தது எனக்குப் போதவில்லை. சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் அவனையும் மேடையேற்றி மைக்கைப் பிடித்தேன்.

"நம்ம பய செஞ்ச காந்தத்த எல்லாரும் வந்து பாருங்க!"

"வேணாம்ப்பா" என்றான். நான் கேட்கவில்லை. துண்டைத் தட்டில் வைத்து, என்னிடமிருந்த பெரிய ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அசையவில்லை. ஓர் ஆணியை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"அண்ணே, காந்தமும் ஒங்க மகன் மாதிரியே வாயத் தொறக்க மாட்டேங்குது!" என்றார் டீக்கடைக்காரர்.

"அப்பன மாதிரி இருந்தா இந்நேரம் ஊரையே இழுத்திருக்கும்ல மாப்ள!" என்றது இன்னொரு குரல். ஒரே சிரிப்பு.

நான் மகன் பக்கம் குனிந்தேன். "இம்புட்டு வருசம் படிச்சுக் கிழிச்சது இதுதானாடா? ஒரு ஆணியக்கூட இழுக்கல. மானத்த வாங்கிட்டியே."

அவனுக்கு மட்டும் சொன்னதாக நினைப்பு. கையிலிருந்த மைக்கை நான் அணைத்திருக்கவில்லை. நான்கு குழாயும் அதை அப்படியே தெருவுக்குச் சொல்லிவிட்டன. சிரிப்பு சட்டென்று நின்றது.

அவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கி ஸ்விட்சை அணைத்தான். பிறகுதான் பேசினான்.

"இது ஆணிய இழுக்காதுப்பா. உள்ள இருக்குற காந்தம் அம்புட்டு மெலிசு. நியூட்ரான விட்டு, அது எந்தப் பக்கம் செதறுதுன்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். காந்தம் இருக்குற எடத்துல வீணாகாத கரண்டு சாதாரணமா ஓடாது. இதுல ரெண்டும் எப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்குன்னு ஒலகத்துல இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. அதத்தான் பாக்குறோம்."

துண்டைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். ஜனங்கள் வழிவிட்டார்கள், யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் திட்டியது ஊருக்கே கேட்டது. அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதை மைக்கில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் ஸ்விட்சைப் போட்டேன். "அடுத்து அம்மன் பாட்டு" என்று மட்டும் சொல்லி ரெக்கார்டை வைத்தேன்.