நான்கு பேருக்குக் கட்டிய ரொட்டி

என் கணவரின் தமையனை எனக்குப் பிடிக்காது. லண்டனின் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் இன்றும் நல்ல சுகமாக இருக்கிறார். இருக்கட்டும். எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்குக் கிரேக்கத் தீவான கோஸுக்குப் போக அவர்தான் ஏற்பாடு செய்தார். அவரிடமும் அவர் மனைவியிடமும் என் கணவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கலியாணமாகி லண்டனுக்கு வந்து இரண்டு வருடமேயான என்னிடம் இலங்கைப் பாஸ்போர்ட். கிரேக்க விசாவுக்காகத் தூதரக வாசலில் மழையில் கியூ நின்றது நான் மட்டும். தீவிலிருந்து ஒருநாள் கப்பலில் துருக்கிக்கும் போய் வரலாம் என்று தமையன் சொன்னபோதே கேட்டேன்.

"அதுக்கு எனக்கு வேறை விசா வேண்டாமே?"

"காலமை போய்ப் பின்னேரம் வாறதுக்கு என்ன விசா? எல்லாம் நான் விசாரிச்சிட்டன்."

அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. என் கணவர் தலையாட்டினார். அண்ணன் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

தமையனுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துவராது. அதனால் கப்பலேறும் நாள் விடிய எழும்பி, வாடகை அறையின் சின்ன அடுப்பில் நான்கு பேருக்கும் ரொட்டி சுட்டேன். லண்டனிலிருந்து டப்பாவில் கொண்டுபோன கட்டைச்சம்பலையும் வைத்துக் கட்டினேன். அவர் மனைவி அந்த நேரம் தொப்பி தேடிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் நின்று பார்த்தால் எதிரே துருக்கியின் மலைகள் பக்கத்து ஊர் போலத் தெரிந்தன. அதிகாரி மற்ற மூன்று பாஸ்போர்ட்டையும் பேருக்குப் பார்த்துவிட்டு என்னுடையதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் விசா கிரேக்கத்துக்குள் ஒருமுறை வருவதற்கு மட்டுமாம். வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களாம். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார்.

தமையன் என்னிடம் திரும்பினார். "உம்மடை பாஸ்போர்ட்டிலை என்ன இருக்கெண்டு நீரெல்லோ பாத்திருக்கவேணும்?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னோடு நின்றால் போதும். எனக்குத் துருக்கியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் நிண்டால் அண்ணைக்கு ஒரு மாதிரிப் போயிடும். பின்னேரம் வந்திடுவன்தானே."

கப்பலுக்கு முன்னால் கிடந்த நீட்டு மர வாங்கில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மூவரும் ஏறினார்கள். சங்கு ஊதியது. அப்போது என் கணவர் மட்டும் படியில் இறங்கி, கிட்டத்தட்ட ஓடி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாங்கில் தள்ளியிருந்து அவருக்கு இடம் விட்டேன்.

அவர் இருக்கவில்லை.

"சாப்பாட்டுப் பையைத் தாரும். அண்ணை அங்கை ஒண்டும் தின்னமாட்டார்."

பையின் ஒரு காதைப் பிடித்தார். மற்றக் காதை நான் விடவில்லை. ஒருதரம் இழுத்துப் பார்த்தார். கப்பல்காரர்கள் சத்தம் போட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி ஓடினார்.

நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மிச்ச ரொட்டியைத் துறைமுகப் பூனைகளுக்குப் பிய்த்துப் போட்டேன்.

பின்னேரம் தமையன் பசியில் முகம் கறுத்து இறங்கினார். என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. கணவர் ஒரு துருக்கித் துவாயை நீட்டினார்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். உங்கடை பங்கைப் பூனை திண்டிட்டுது."

சில வருடங்களில் எனக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது. "இப்ப ரெண்டுபேருமாத் துருக்கிக்குப் போவமே?" என்று கணவர் கேட்டார்.

"நீங்கள் போனனீங்கள்தானே," என்றேன்.

அவரோடுதான் இன்னும் வாழ்கிறேன். ஆனால் பாஸ்போர்ட் வந்த அந்த வருடக் கோடையில் கோஸுக்குத் தனியாகப் போய், அதே கப்பலில் ஏறினேன். ஒருவருக்கு மட்டும் ரொட்டி கட்டியிருந்தேன். மேல்தட்டில் இரண்டு பேர் இருக்கக்கூடிய வாங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் இருந்தேன்.