மதுரைக்குக் கொண்டு போங்க

தேனிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராஜாத்திக்கு 1985-இல் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வியாழன்தோறும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நடிக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் சாவுச் செய்தியை முகத்துக்கு நேரே சொல்லிப் பழக, டாக்டரம்மா சொர்ணலதா வைத்த பாடம் அது. அவள் துவைத்த படுக்கை விரிப்பைச் சுருட்டி அவள் மடியில் வைப்பார்கள். அதுதான் பிள்ளை. டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து, உயிர் இல்லை என்று தாயிடம் சொல்ல வேண்டும்.

ராஜாத்தி நடிப்பில் கெட்டி என்று எல்லோரும் மெச்சினார்கள். மெச்சியவர்களுக்கு என்ன தெரியும்? பதினேழு வருஷத்துக்கு முன்னால், வாந்திபேதி கண்ட மகன் அழகரைத் தூக்கிக்கொண்டு ஜெயமங்கலத்திலிருந்து வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். அங்கிருந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸில் பிள்ளை அழாமல் கிடந்தான். தூங்குகிறான் என்ற நிம்மதியில் ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் அவளும் கண்ணயர்ந்துவிட்டாள், பாவி. விழித்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தான் தூங்கிய நேரத்தில் அவன் தண்ணீர் கேட்டிருப்பான் என்ற நினைப்பு அன்று பிடித்தது. பேய்கூட வேப்பிலைக்குப் போய்விடும், இது போகவில்லை. கண்ணை மூடினால் "ஆத்தா, தண்ணி" என்று காதோரம் கேட்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை பொன்னுராஜ் என்ற பயிற்சி டாக்டரின் முறை. விரிப்பைத் தொட்டான்.

"இங்கன வசதி பத்தாதும்மா. மதுரைக்குக் கொண்டு போங்க."

"பிள்ளைதான் இறந்துபோச்சே, பிறகு எதுக்கு மதுரை?" என்று கேட்டார் சொர்ணலதா.

"செத்துருச்சுன்னா இங்கனயே விழுந்து அழுவாக, ஆள் கூடிரும் மேடம். எங்க ஊர் டாக்டர் இப்படித்தான் சொல்லி அனுப்புவாக. வழியில அவுகளே தெரிஞ்சுக்கிருவாக."

விரிப்பைப் பிள்ளைபோலத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ராஜாத்தியின் கை நின்றது.

"செத்த பிள்ளையவா அனுப்புவீக?"

நடிப்பு என்று நினைத்துப் பொன்னுராஜ் தலைகுனிந்தான். "ஆமாம்மா."

"பஸ் ஏறும்போதே உசுரு இருக்காதா?"

"இருக்காதும்மா."

"அப்ப அவன் தண்ணி கேட்டிருக்க மாட்டானா?"

இந்தக் கேள்வி பாடத்தில் கிடையாது. பொன்னுராஜ் திகைத்துப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தான். இது நடிப்பில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"கேட்டிருக்க மாட்டான்மா," என்றான் பொன்னுராஜ். நிச்சயமில்லாததைச் சொல்லாதே என்று வாரம் தவறாமல் கண்டிக்கும் சொர்ணலதா அன்று வாய் திறக்கவில்லை.

ராஜாத்தி விரிப்பை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அப்படின்னா முதல்லருந்து சொல்லுங்க தம்பி. மதுரை வேணாம். உள்ளத எங்கிட்டச் சொல்லுங்க."

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உங்க பிள்ளை இறந்துபோச்சும்மா."

பதினேழு வருஷம் கழித்து, அழகர் செத்த சேதி அவன் ஆத்தாளுக்கு வந்து சேர்ந்தது.