பதினாலு மணி நேரம்

பழனி விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் ஆரணியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு இருபது வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். எந்த நாட்டிலிருந்து வருகிறவன் எங்கே விமானம் மாறுவான், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்ன பிரயோசனம்? கார் ஓட்டுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஒருவர்தான் கேட்பார். நியூசிலாந்தில் இருக்கும் மகன் ஸ்டீவ் ஊருக்கு வரும்போதெல்லாம் டிக்கெட்டை அம்மாவுக்குத்தான் அனுப்புவான். அதை அவர் பழனிக்கு அனுப்பி, எத்தனை மணிக்கு வண்டி எடுக்கலாம் என்று கேட்பார்.

அந்த டீச்சர் ஒரு திங்கட்கிழமை காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அன்று ராத்திரி நம் நேரப்படி பத்து மணிக்கு ஆக்லாந்தில் விமானம் ஏறுவதாகவும், தான் வந்து முகம் பார்க்காமல் எடுத்துவிடக் கூடாதென்றும் ஸ்டீவ் ஃபோனில் அழுதான். டீச்சரின் மருமகன் சுதாகர் தன் ஃபோனில் தட்டிப் பார்த்தார். பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம் என்று வந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு இறங்கிவிடுவான், நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார்.

"நேரா வர்ற ப்ளேனே கெடையாதுங்க. நடுவுல எறங்கி மாறணும். டிக்கெட்ட பாக்காம டைம் வெக்காதீங்க" என்றார் பழனி.

"ரோட்ட நீ பாத்துக்கோ பழனி. ஆகாயத்த நான் பாத்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியாகிவிட்டது. டீச்சர் சிரிக்கும் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் மாலை நான்கு மணி. இந்த ஊரில் போஸ்டரில் ஏறிய நேரத்தை யாராலும் மாற்ற முடியாது. டீச்சரின் ஃபோன் ஓயாமல் அடிக்கிறதென்று யாரோ அதை அணைத்து பீரோவில் வைத்தார்கள். ராத்திரி விமானம் ஏறிய பிறகு ஸ்டீவின் நம்பருக்கு லைனே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு விமான நிலைய வாசலில் பழனி நின்றார். வந்த கூட்டத்தில் ஸ்டீவ் இல்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சுதாகரை ஃபோனில் மூன்று முறை கூப்பிட்டார். வந்தவாசியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று, போதகருக்கு வேறு ஊரிலும் வேலை இருக்கிறது, வெளிச்சத்திலேயே முடிக்க வேண்டும் என்றார் அவர். ஐந்தரை வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்கள்.

எட்டரைக்கு ஸ்டீவ் வெளியே வந்தான். "ஜல்தியா போலாம்ணா. அம்மா காத்துகினு இருப்பாங்க."

இதைச் சொல்வதற்கும் கார்க்காரன்தானா கிடைத்தான் என்று பழனிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சொன்னார். ஸ்டீவ் பெட்டியைக் கீழே வைத்தான்.

"டிக்கெட் அனுப்பினேனே. சிங்கப்பூர்ல ஏழு மணி நேரம் நிக்கணும்னு கூட போட்டேனே. யாருமே பாக்கலியா?"

"யாருக்குப் போட்ட தம்பி?"

ஸ்டீவ் ஃபோனை எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாவுக்கு" என்றான்.